கத்திரிக்காய்க்குப் போன் வந்திருக்கு

ஏட்டி,

இன்றைக்குக் காலையிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. ரேஷன் கடைக்குப் போய்விட்டு, குற்றாலம் ரோட்டில் நம் சினிமாக் கொட்டகை இருந்த இடத்தைத் தாண்டி வந்தேன். இப்போது அது சீசன் வண்டிகள் நிறுத்துகிற இடம். ஒரு வேன் நின்றது. அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத்துணியோடு உள்ளே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடி பூராவும் ஆவி படிந்து மங்கிக் கிடந்தது. பின்கண்ணாடியில் யாரோ விரலால் ஒரு பூ வரைந்திருந்தார்கள். வேனுக்குள் விளக்கு எரிந்ததால் அந்தக் கோடு மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. அரிசிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னால் வந்த ஆட்டோக்காரன், "ஆச்சி, ஓரமா நில்லுங்க, வேன பின்னால எடுக்கான்" என்று கத்தினான். ஆச்சியாம்! "பாத்தியாட்டி, என்னைய ஆச்சிங்கான்" என்று சொல்வதற்குப் பக்கத்தில் திரும்பினேன். நீ போய் ஐந்து மாதமாகிறது. திரும்புகிற பழக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தபோது உன் சார்பில் சவூதியிலிருந்த உன் வீட்டுக்காரருக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். நீ சொல்லச் சொல்ல எழுதுவேன். நடுவில் நீ அழுதால் பேனாவை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருப்பேன். உனக்கென்று ஒரு கடிதம் எழுதியதில்லை. நீ படிக்கமாட்டாய், எழுதி என்ன பிரயோஜனம் என்று விட்டிருந்தேன். இப்போது மட்டும் யார் படிக்கப்போகிறார்கள்? ஆனாலும் உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்று இருக்கிறது. அது உனக்குத் தெரியாது என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லித்தான் தீரவேண்டும்.

முதலில் கொட்டகையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதைப் பேசாமல் நம்மைப் பற்றிப் பேச முடியாது. என் வீட்டுக்காரர் அங்கே ஆப்பரேட்டர். நான் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுப்பேன். கீற்றுக் கூரை, தரையில் ஆற்றுமணல், நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்பிளைகள், இந்தப் பக்கம் நாம். எதிரே ரோட்டைத் தாண்டினால் அரிசி மில். நம் பக்கத்தில் போன் இருந்த ஒரே இடம் அந்த மில்தான். உன் தெருவில் வீட்டுக்கு ஒரு ஆள் சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு வரிசையில் நின்று மில் நம்பருக்குப் போன் போடுவார்கள். லைன் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்கும் வரும், எட்டரைக்கும் வரும். அதுவரைக்கும் பொம்பிளைகள் மில் வாசலில் நிற்கவேண்டும். லாரியும் மூட்டை தூக்குகிறவர்களும் வந்துபோகிற இடம், தவிட்டுத் தூசி வேறு.

நீதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். "அந்தத் தூசியில கால் கடுக்க நிக்கதுக்கு, இங்கன மணல்ல உக்காந்து படம் பாத்துக்கிட்டே காத்துக் கிடக்கலாம்லா? போன் வந்தா வாட்ச்மேன் உங்கிட்டச் சொல்லட்டும். நீ ஸ்லைடு போட்டுரு" என்றாய். யாரையாவது அவசரமாக வெளியே கூப்பிட வேண்டுமென்றால் திரையின் மூலையில் பேர் எழுதிப் போடுகிற வழக்கம் எல்லாக் கொட்டகையிலும் உண்டு. சிம்னி விளக்கில் கண்ணாடித் துண்டைக் காட்டிக் கரி பிடிக்கவைத்து, ஊக்கு முனையால் கீறி உள்ளே கொடுப்பேன். என் வீட்டுக்காரர் அதை ஸ்லைடு விளக்கில் செருகுவார். கரியில் கீறிய இடம் மட்டும் வெள்ளையாகத் திரையில் விழும்.

உன் மாமியார்தான் குறுக்கே விழுந்தார்கள். "பொம்பளப் பேரத் திரையில போட்டா அத்தன ஆம்பளயும்லா வாசிப்பானுவோ!" என்றார்கள். அதுவும் சரிதான். தவிர, உங்களில் பாதிப் பேருக்குப் போட்டாலும் வாசிக்கத் தெரியாது. கடைசியில் ஆளுக்கு ஒரு படம் என்று முடிவாயிற்று. மேலத்தெருக்காரி மாம்பழம் எடுத்துக்கொண்டாள். தறிக்காரர் மருமகள் கிளி. இன்னொருத்தி சீப்பு, வேறொருத்தி பூ. கடைசியாக உன்னைக் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் "கத்திரிக்காய்" என்றாய்.

"போயும் போயும் கத்திரிக்காயாட்டி?"

"பூவு, கிளியெல்லாம் அழகானவளுக எடுத்துட்டாளுவல்லா. நான் கறுப்பா, குண்டா, தலையில முக்காடு வேற போட்டிருக்கேன். கத்திரிக்காய்தான் எனக்கு அச்சு அசல்" என்றாய். உன் மாமி வெற்றிலை புரையேறிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நீ கறுப்புத்தான், குண்டில்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

முதல் கத்திரிக்காய் போட்ட நாள் உனக்கும் மறந்திருக்காது. திரையில் கதாநாயகி புருஷன் பிணத்தின்மேல் விழுந்து அழுகிறாள். கொட்டகையே மூக்கைச் சிந்துகிறது. அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் காம்போடு என் கத்திரிக்காய் வந்து நின்றது. ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒருத்தன், "ஏலே, கத்திரிக்காய்க்குப் போன் வந்திருக்குலே!" என்று கத்தினான். நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாய். திரும்பி வந்ததும், "என்னட்டி சொன்னாக?" என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்கல. நல்லாருக்கியா, நல்லாருக்கியான்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்துனோம். மூணு நிமிசம் முடிஞ்சு போச்சு" என்றாய். அப்புறம் மணலில் உட்கார்ந்து, "அவ புருசன் உண்மையாவே செத்துட்டானா?" என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாய்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் என்றால் அது உங்கள் ஆட்டம்தான். படம் என்ன என்று கேட்காமலே டிக்கெட் வாங்குவீர்கள். மாம்பழம் வந்தால் எல்லோரும் மாம்பழத்தை இடித்து எழுப்புவீர்கள். ஒன்றும் வராமல் ஆட்டம் முடிந்துவிட்டால் யாரும் யாரையும் பார்க்காமல் எழுந்து போவீர்கள். அப்போதெல்லாம் டிக்கெட் கொடுத்த எனக்கே குற்றமாக இருக்கும்.

கூரை பறந்த வருஷத்துக்கு வருகிறேன். ஆடிக் காற்று ஒரே நாளில் கீற்றையெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயலில் போட்டது. கொட்டகையை மூடிவிடுவார்கள் என்று நாங்கள் மூட்டை கட்டாத குறை. முதலாளி அண்ணாச்சி வந்து அண்ணாந்து பார்த்தார். "கூரைதானல போச்சு, திரை இருக்குல்லா? இருட்டுன பொறவு ஓட்டு" என்றார். கூரை இல்லாமலே ஓட்டினோம். சாரல் விழுந்தால் குடை விரியும். "ஏலே, குடைய இறக்குலே, தலையே தெரியல" என்று பின்னால் இருப்பவன் கத்துவான். செங்கோட்டைப் பக்கமிருந்து குற்றாலத்துக்கு வந்த ஜீப்புகள் ரோட்டிலேயே நின்று ஓசியில் பார்க்க ஆரம்பித்தன. அண்ணாச்சி விடுவாரா? வடக்குப் பக்கத்து வேலியை எடுத்துவிட்டு வண்டிகளை உள்ளே விட்டார். ஜீப், வேன், ஒரு டிராக்டர், வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டி எல்லாம் வரிசையாக நிற்கும். வண்டியில் உட்கார்ந்தபடியே படம் பார்த்தார்கள். "சேச்சி, வண்டிக்கு டிக்கெட் உண்டா, ஆளுக்கா?" என்று மலையாளத்துக்காரர்கள் வந்து கேட்பார்கள். பாட்டு வந்தால் ஹாரன் அடிப்பார்கள். அந்த ஒரு சீசன் மாதிரி சந்தோஷமான சீசன் அந்தக் கொட்டகையில் இருந்ததில்லை. அந்த சீசனில்தான் நான் அதைச் செய்தேன்.

உன் வீட்டுக்காரர் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. டிக்கெட் அறையில் வைத்து உனக்கு வாசித்துக் காட்டினேன். உன் சின்னவள் என் மடியில் கிடந்தாள். கம்பெனியில் குடும்பத்தோடு இருக்கிற வீடு ஒன்று காலியாகிறது, டிரைவர்களில் தனக்குத் தருவதாகச் சொல்கிறார்கள், சனிக்கிழமை முடிவு சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தார். "வெள்ளிக்கிழமை போன் செய்கிறேன். பிள்ளைகளோடு வருகிறாயா, இல்லையா என்று உன் வாயால் சொல். நீ வரவில்லை என்றால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று இருந்தது.

"அங்கன இருந்தா மக்காவப் பாத்துரலாம்லா" என்றாய். அடுத்த மூச்சில், "மாமிய யாரு பாக்கது?" என்றாய். "என்ன சொல்லப்போறட்டி?" என்று நான் கேட்டேன்.

"அவுக குரலக் கேட்டதும் வாயில என்ன வருதோ, அதுதான் பதிலு."

அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. எனக்கு அதற்குள் இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. உன் சின்னவள் பால் குடிக்க மட்டும்தான் உன்னிடம் வருவாள், மற்றபடி என் இடுப்பில்தான் இருப்பாள். தெருவில் தெரியாதவர்கள் அவளை என் பிள்ளை என்றே நினைத்தார்கள். நானும் மறுத்துச் சொல்லமாட்டேன். நீ போனால் நீ மட்டுமா போவாய்? உன்னோடு அவளும் போவாள். எனக்கு அந்தத் தெருவில் என்ன மிச்சமிருக்கும்? "போகாதட்டி" என்று உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அடுத்தவள் பிள்ளைக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை லேசான சாரல். நீ மாமியோடு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாய். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். படம் ஆரம்பித்து அரைமணி நேரம் இருக்கும், மில் வாட்ச்மேன் ஓடிவந்து, "எம்மா, கத்திரிக்காய்க்கு! சவூதி!" என்றார். கரிபிடித்த கண்ணாடி தயாராக இருந்தது. கீறினேன். காம்பும் வரைந்தேன். ஆப்பரேட்டர் அறை எனக்குப் பின்னால் நான்கு எட்டில் இருந்தது. எழுந்திருக்கவில்லை. பிள்ளை முழித்துக்கொள்ளும், இந்த ரீல் முடியட்டும், லைன் காத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். எனக்கு அது அப்போதே தெரியும்.

டிக்கெட் ஜன்னல் வழியாக நீ தெரிந்தாய். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். நீ திரையின் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு ஜீப்புக்காரன் ஹாரன் அடித்தான், அப்போதும் திரும்பவில்லை. நான் கட்டைவிரலால் கத்திரிக்காயை அழித்தேன்.

வாட்ச்மேன் திரும்பி வந்தார். "லைன் கட்டாயி, மறுபடியும் போட்டாக. ஆளு எங்க?" என்றார். "ஸ்லைடு போட்டாச்சு அண்ணாச்சி. அவ எந்திரிச்சு வரல" என்றேன். அவர் போய் அதை அப்படியே போனில் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்து நீ வந்து தூங்குகிற பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கினாய். "வரலியாட்டி?" என்று கேட்டாய். "வரல" என்றேன். "லைன் கிடைச்சிருக்காது. பாவம், எவ்வளவு நேரம் நின்னாகளோ" என்று சொல்லிக்கொண்டே போனாய்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாய், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாய். போன் வரவில்லை. பிறகு கடிதம்தான் வந்தது. அதை வாசித்தவளும் நான்தானே! "நீ எழுந்து வரவில்லை என்று சொன்னார்கள். உன் மனது புரிந்தது. வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று இருந்தது. முதல் இரண்டு வரியை விட்டுவிட்டு, மூன்றாவதை மட்டும் வாசித்தேன். நீ தலையை ஆட்டினாய். "சரி, நமக்கு அம்புட்டுத்தான்" என்றாய். உலை வைக்கப் போய்விட்டாய்.

அடுத்த வருஷம் அவர் லீவில் வந்தார். அந்த மாதம் பூராவும் காய்ச்சல் என்று சொல்லி நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவர் பேச்செடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், நீ வந்து என் தலைமுடியைப் பிடித்து ஆட்டப்போகிறாய் என்று கதவு தட்டும் சத்தம் கேட்டாலே போர்வைக்குள் புகுந்துகொண்டேன். ஒருநாள் கதவு தட்டியது. நீதான். கையில் மிளகு ரசம். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலே இல்லியேட்டி" என்றாய். ரசத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு சின்ன புத்தி பார்.

கொட்டகை அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. தூண்களைப் பிடுங்கினார்கள், திரைத்துணியை யாரோ களத்தில் நெல் மூடக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேருக்குப் போனார். எனக்கும் ஒரு பையன் பிறந்தான். பதினாறு நாள் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது நீ. பண்பொழி மலைக்கு அவனுக்கு மொட்டை போடப் போனபோது அடிவாரம் வரை நீயும் வந்தாய், பிரியாணிச் சட்டியோடு. "கோயிலுக்கு வந்துட்டுப் பிரியாணியாட்டி?" என்று நான் பதறினேன். "மொட்டை முடிஞ்ச பொறவு கீழ வந்து தின்னா முருகன் கோவிப்பாரா?" என்றாய். போன் எல்லார் வீட்டுக்கும் வந்தது, அப்புறம் எல்லார் கைக்கும் வந்தது. சுரண்டையில் கட்டிக்கொடுத்த உன் சின்னவள் வீடியோவில் கூப்பிட்டால், நீ திரையைப் பார்க்காமல் காதில் வைத்துக்கொள்வாய். அவள் அங்கிருந்து, "எம்மா, உன் காதுதான் தெரியுது!" என்று கத்துவாள்.

உன் வீட்டுக்காரரும் ஒருவழியாக ஊரோடு வந்துவிட்டார். ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்ததை நான் கவனித்திருக்கிறேன். டிவியில் படம் போட்டால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நீ ஏதாவது ஊருக்குப் போகவேண்டுமென்று சொன்னால், "உனக்கு இந்த ஊருதான பெருசு" என்பார். நீ பதில் சொல்லமாட்டாய். எல்லாவற்றுக்கும் வாயாடுகிறவள் அதற்கு மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று நான் யோசித்ததுண்டு. கேட்டதில்லை.

மாசியில் ஆஸ்பத்திரியில் உன் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் எடுத்தேன். "என்னட்டி முழிக்க, பசிக்கா? பன்னு இருக்கு, தின்னு" என்றாய். பன்னைத் தின்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, இங்கன வா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். போனேன்.

"கூரை இல்லாம படம் ஓட்டுனீங்கள்லா, அந்த வருசம். நான் போன் போட்ட அன்னைக்கு ஓடுனது என்ன படம்?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்தேன். "எதுக்குண்ணே?" என்றேன்.

"லீவுல வந்ததும் அவகிட்டக் கேட்டேன். ஏன் வரலன்னு. முதல்ல முழிச்சா. அப்பறம் சொன்னா, ஸ்லைடு வந்துச்சு, நாந்தான் எந்திரிக்கல, படம் நல்லாருந்துச்சுன்னு. என்னையவிடப் பெருசா அப்படி என்ன படம்னு நாப்பது வருசமா யோசிக்கேன். அவகிட்ட மறுபடி கேக்க ரோசம் விடல. உனக்குத் தெரியும்லா, சொல்லு."

ஏட்டி, நீ இப்படிச் செய்வாயா? அவர் லீவில் வந்து கேட்ட அந்த நிமிஷமே நடந்ததெல்லாம் உனக்குப் புரிந்திருக்கிறது. என் பேரை எடுத்திருந்தால் உன் மாமி என்னைத் தெருவில் இழுத்துப் போட்டிருப்பார்கள், உன் வீட்டுப் படி நான் மிதித்திருக்க முடியாது. அதற்காகப் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய். அப்புறம் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். என் நெற்றியைத் தொட்டாய். ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா? "பாவி மட்டை, என் வாழ்க்கையக் கெடுத்தியே" என்று ஒரு அறை வைத்திருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அவரிடம் சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் வந்தது, கீறியது, அழித்தது, அவர் கடிதத்தில் நான் விட்ட வரி, ஒன்றையும் மறைக்கவில்லை. "அவளுக்குப் போன் வந்ததே தெரியாதுண்ணே. படத்த அவ பாக்கவே இல்ல. திரை மூலையவே பாத்துக்கிட்டு இருந்தா" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டை எடுக்காமலே, "நீ போ தங்கச்சி" என்றார். கோபமா, அழுகையா என்று குரலில் தெரியவில்லை. நான் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ மறைத்ததை நான் உடைத்துவிட்டேன் என்று அன்றைக்கும் மறுநாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்கு அவராக வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னை ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"எந்திரிச்சு வந்திருந்தா, என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். எழுபது தாண்டிய ஆள், பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"வாரேன்னுதான் சொல்லியிருப்பா" என்றேன்.

"உங்கிட்டச் சொன்னாளா?"

"சொன்னா."

அவர் தலையை ஆட்டினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "மக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாகப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன், வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதில்லை, உள்ளே உட்கார்ந்து டிவியில் படம் பார்க்கிறார். உன் சின்னவளிடம் போனில், "உங்கம்மா என்கூட வாரதாத்தான் இருந்தா" என்று சொன்னாராம். அவள் என்னிடம் சொல்லி அழுதாள்.

நீ அப்படிச் சொல்லவில்லை. குரலைக் கேட்டால் என்ன வருகிறதோ அதுதான் பதில் என்றாய். வருகிறேன் என்றிருப்பாயா, மாமியை விட்டு வரமுடியாது என்றிருப்பாயா, எனக்குத் தெரியாது. உனக்கே தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவள் நான். உன் பேரில் நான் சொன்ன பொய்களில் இதையும் சேர்த்துக்கொள். மற்றவற்றுக்கெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு மட்டும் கேட்கமாட்டேன். அவர் இனி எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். தப்பென்றால், நான் அங்கன வரும்போது வாய் நிறைய வையிட்டி.